நம்ம வீட்டு அசவரம்

என் சில்லுவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் நெனைச்சுக்கறேன். அம்மா பேப்பர்ல எழுதி நீ பாத்ததே இல்லை, எனக்கே பழக்கம் விட்டுப் போச்சு, கட்டை விரல் தானா போன்ல போடற அழுற பொம்மையைத் தேடுது. அங்கங்க நீயே போட்டுப் படிச்சுக்கோ. ஏன் போன் பண்ணலைன்னா அந்த போன் உன் கம்பெனி குடுத்தது, அதுல யாரு எதைப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் உன் ரூம் விலாசத்துக்கு எழுதறேன், ஆபீசுக்கு இல்லை. படிச்சு முடிச்சதும் இதைப் போட்டோ எடுக்காதே, யாருக்கும் காட்டாதே, உன் கூட தங்கியிருக்கற பொண்ணுக்குக் கூட.

முதல்ல வீட்டு விஷயம் சொல்லிடறேன், இல்லைன்னா கடைசியில மறந்துடுவேன். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, ஆனா லிஃப்ட் ரிப்பேர் பண்ற நானே மாடிப்படி ஏறிப் போக வேண்டியிருக்குன்னு தினமும் ஒரே ஜோக்கைச் சொல்லிட்டு இருக்கார், நானும் தினமும் சிரிக்கறேன். எதிர் வீட்டுத் தையல்காரம்மா உன் பழைய ஜீன்ஸைப் பையா தைச்சுக் குடுத்தாங்க, பொண்ணு பெரிய சினிமா, பாட்டு கம்பெனியில இருக்காளே, நடிக்க எப்ப வருவான்னு கேட்டாங்க. நடிக்க இல்லைங்க, விளம்பரப் பிரிவுல அப்ரண்டிஸ்னு சொன்னேன். சொல்லும்போது வழக்கமா குரல் ஏறும் இல்லையா, இந்தத் தரம் பையை வாங்கிட்டு உள்ள வந்துட்டேன்.

சில்லு, விஷயம் இதுதான். நம்ம அஞ்சு பொண்ணுங்க பாட்டுக் குழுவுல குட்டையா இருப்பாளே, நாங்க ரசிகருங்க வாலுன்னு கூப்பிடுவோமே, அவ உங்க கம்பெனியை விட்டு வெளிய போனதுல இருந்து நெட்டுல உண்மை ரசிகைன்னு பேர் வெச்ச ஒரு கணக்கு அவளைக் கிழி கிழின்னு கிழிக்குது. நான் அந்தக் கணக்கோட மல்லுக்கு நிக்காத நாள் கிடையாது. உனக்கே தெரியும், வாலுன்னா எனக்கு உயிரு, அவ மேடையில கால் தடுக்கி விழுந்தப்ப இங்க சோபாவுல இருந்து நான் குதிச்சு டீயை அப்பா மேல கொட்டினவ. அவளை ஒருத்தி குரலே இல்லாதவன்னு எழுதினா சும்மா இருப்பேனா? போடி வேலையத்தவளேன்னு எழுதினேன். அவளும் திருப்பி எழுதினா. அப்படியே பத்திக்கிட்டு எரிஞ்சுட்டு இருந்தப்பதான் போன வாரம் அந்த வரி வந்துச்சு. பாட வராதவளுக்கு வெளிய போக என்ன அசவரம்னு.

நான் அடுப்படியில நின்னுட்டு இருந்தேன். படிச்சேன். இன்னொரு தரம் படிச்சேன். அப்படியே பாத்திரம் கழுவற தொட்டியைப் பிடிச்சுக்கிட்டேன். மத்தவங்க எல்லாம் அது எழுத்துப் பிழைன்னு கேலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தெரியாதா? மூணு வயசுல பாத்ரூம் வாசல்ல குதிச்சுக்கிட்டு அப்பா அசவரம் அப்பா அசவரம்னு கத்தினது யாரு? அன்னையில இருந்து நம்ம வீட்டுல அவசரம்னு யாரு சொன்னா? ஸ்கூல்ல டீச்சர் சிவப்புல சுழிச்சதுக்கு, எங்க வீட்டுல இதுதான் சரின்னு அப்பா போய் வாதாடிட்டு வந்தாரே. உலகத்துலயே மூணு பேருக்குத்தான் அந்த வார்த்தை தெரியும். ஒருத்தர் லிஃப்டுக்குள்ள இருந்தார், ஒருத்தி தொட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

அப்ப நான் இத்தனை நாளா திட்டினது உன்னைத்தானா? சமூக ஊடகம் பாத்துக்கறேன்மான்னு நீ சொன்னது இதுதானா? கண்ணாடி ரூம், அட்டையில வெட்டின நடிகருங்க, கழுத்துல அடையாள அட்டை மாட்டின மஞ்சள் பட்டைன்னு நீ அனுப்பின போட்டோவை எல்லாம் எடுத்து எடுத்துப் பாத்தேன். பக்கத்துல நிக்கற உங்க பிரிவு மேடம் சிரிக்கறாங்க, நீ சிரிக்கலை. இப்பதான் அதைக் கவனிக்கறேன். அந்த வரியை நீ யோசிச்சு எழுதினியா, எழுதச் சொல்லி எழுதினியா, எனக்குத் தெரியாது. கோவமும் வருது, வராம இல்லை, அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணினா? அவ அக்கா எழுதியிருக்கா, வாலு ரூமை விட்டு வெளிய வர்றதில்லை, போனைத் தொடவே பயப்படறான்னு. ஆனா கோவத்தை விடப் பயம் பெருசா இருக்கு. ஏன்னா அந்த அக்கா எழுதினதுல இருந்து எங்க குரூப்புல எல்லாரும் உண்மை ரசிகை யாருன்னு தேட ஆரம்பிச்சுட்டாங்க. எங்க குரூப்புல ஒரு பல் டாக்டர் இருக்கார், வாயைத் திறந்தா மூடவே விட மாட்டார், அவர் அசவரம்ங்கற வார்த்தையை எடுத்துட்டு நெட்டெல்லாம் சல்லடை போட்டுச் சலிச்சுட்டார். வேற எங்கயும் கிடைக்கலை. ஒரே ஒரு இடத்துல கிடைச்சுது. நம்ம குழுவோட பழைய கச்சேரிக்கு அசவரமா டிக்கெட் எடுங்கன்னு வீட்டுப் பழக்கத்துல மறந்து போய் நான் போட்ட பதிவுல.

அக்கா, இது உங்க வார்த்தை மாதிரி இருக்கேன்னு எல்லாருக்கும் நடுவுல கேட்டுட்டார். என் பொண்ணு அதே கம்பெனியில சேர்ந்திருக்கான்னு ஊரு உலகத்துக்கெல்லாம் தம்பட்டம் அடிச்சதும் நான்தான், உன் அடையாள அட்டையைப் போட்டோ போட்டு இதயமா அள்ளி இறைச்சதும் நான்தான். ரெண்டையும் சேத்துப் பாக்க ஒருத்தருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சேத்துட்டா கம்பெனி என்ன சொல்லும்? எங்களுக்குத் தெரியாது, பயிற்சிக்கு வந்த பொண்ணு தானா பண்ணிட்டான்னு சொல்லும். மஞ்சள் பட்டையைக் கழட்ட எவ்வளவு நேரம்? அப்புறம் உன் முகம் எல்லா போன்லயும் வரும். வாலுவுக்கு நடந்தது உனக்கு நடக்கும். அதுக்கு மேல யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை.

அதனால யாரும் யோசிக்கறதுக்கு முன்னாடி நான் எழுதிட்டேன். ஆமா, நான்தான் உண்மை ரசிகை, வாலு விட்டுட்டுப் போன ஆத்திரத்துல வேற பேருல திட்டினேன், சந்தேகம் வரக்கூடாதுன்னு நானே அதோட சண்டையும் போட்டேன்னு. நம்பிட்டாங்க சில்லு. அதுதான் எனக்குத் தாங்கலை, ஒருத்தர் கூட நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்கன்னு சொல்லலை. குரூப்புல தங்கச்சியா பழகின டைப்பிஸ்ட் பொண்ணு, உங்களைப் போய் அக்கான்னு கூப்பிட்டேனேன்னு எழுதிட்டு என்னை வெளிய தள்ளிட்டா. குரூப்பை ஆரம்பிச்சவளே நான். இப்ப தெரியாத நம்பர்ல இருந்தெல்லாம் போன் வருது, எடுத்தா மூச்சு சத்தம் மட்டும் கேக்குது. வாசல் மணி அடிச்சா அப்பா முதல்ல ஜன்னல் வழியா பாக்கறார். நேத்து அவர் என்ன சொன்னார் தெரியுமா, நம்ம பாத்ரூம் வாசல்ல பொறந்த வார்த்தை, என்ன தூரம் சுத்திட்டு வீட்டுக்கு வந்திருக்கு பாருன்னார். சிரிக்கறதுக்காகத்தான் சொன்னார், ஆனா பாதியில எழுந்து போயிட்டார்.

நீ இப்ப செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இப்படி எழுதுன்னு சொன்னவங்க மெசேஜ்ல சொன்னாங்களா, வாயால சொன்னாங்களான்னு பாரு, மெசேஜ் இருந்தா அழிக்காதே. மேடம் கிட்ட முறைச்சுக்காதே, அழவும் அழாதே. வேலையை விடணும்னு தோணினா விட்டுட்டு வா, யாரு கேட்டாலும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு, அதுவும் ஒண்ணும் பொய் இல்லை. இருக்கறேன்னு சொன்னாலும் நான் தடுக்க மாட்டேன், அந்த வேலைக்கு நீ எப்படி ஆசைப்பட்டேன்னு எனக்குத் தெரியும், சேதி வந்த அன்னிக்குக் குதிச்சதுல நான்தானே கட்டிலை உடைச்சேன். ரூம் கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கு. வெளிய போகும்போது கம்பெனிப் பட்டையைப் பைக்குள்ள வெச்சுக்கோ.

அப்பாவும் நானும் உன்னை மனசார வாழ்த்தறோம், ஒரு கெட்டதும் உன்னை நெருங்காம நீ நல்லா இருக்கணும். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. உண்மை ரசிகை கணக்கோட சாவி இன்னும் உன் கையிலதான் இருக்கு. இனிமே அதுல எது வந்தாலும் ஊரு அதை நான் எழுதினதாத்தான் படிக்கும். வாலுவும் அப்படித்தான் படிப்பா. அதனால அந்தப் பொண்ணு கிட்ட கேக்க வேண்டிய மன்னிப்பை அம்மா எழுதற மாதிரி எழுதிடு.

அசவரமா எழுது.

உன்னையே நெனைச்சுட்டு இருக்கற
அம்மா