கோவிந்தாவின் நடுவே ஒரு மூச்சு

மார்கழி 4, வெள்ளி

இன்று எழுத வேண்டியவை:
1. பஜனையில் என் புல்லாங்குழலை நிறுத்தியது.
2. செல்வராஜின் பொறாமை.
3. மூச்செடுப்பதில் நான் தவறாத ஒழுங்கு.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்புக் கோயிலில் பாட்டின் நடுவே ஆர்மோனியக்காரர் செல்வராஜ் என் மைக்கை அணைத்துவிட்டார்.

"இன்னா சார், குழல் ஊதுறீங்களா, சுரங்க ஷாஃப்டுல ஆள் எறக்குற கேஜ் இழுக்குறீங்களா? மூச்சுதான் கேக்குது. ஏகாதசிக்கு கீபோர்டு வச்சிக்கிறோம். நீங்க உக்காந்து கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்னும் கசக்கிறது.

சொல் முடிந்த இடத்தில்தான் நான் மூச்செடுப்பேன். உதட்டோரமாக, தோள் அசையாமல், வயிறு நிறைய. நாமத்தை உடைத்ததே இல்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி, அதே பாட்டை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

சரோஜா கீரை ஆய்ந்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"'கோ'ன்னு நின்னு, மூச்சு வாங்கிட்டு, அப்புறம்தான் 'விந்தா'ன்றீங்க."

"எப்பலேர்ந்து?"

"போன வருசத்துலேர்ந்தே. உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

மறுபடியும் வாசித்தேன். அவள் சொன்ன இடத்திலேயே மூச்சு அறுந்தது.

மூன்றாவதாக எழுதியது தவறு. இரண்டாவதை அடித்துவிட இன்னும் மனம் வரவில்லை.