நன்றியுரைக்கு முன் ஒரு பாட்டு

என் தோளில் போட்ட பொன்னாடையை அம்மா அம்பிளிபயருக்கு மேல் விரித்து வைத்திருக்கிறார். தூசி படக்கூடாதாம். இன்று காலை அறைக் கதவைத் திறந்தபோது அந்தச் சரிகைக் கரைதான் முதலில் கண்ணில் பட்டது. புதுத்துணியின் கஞ்சி மணம் இன்னும் போகவில்லை. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உருவி மூலையில் எறிந்துவிட்டு உமக்கு எழுத உட்கார்ந்தேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல? கஜனிடம் சொன்னால் விடும் விடும், முடிந்தது தானே என்பான். நெல்லியடியிலிருந்து கிற்றாரை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்கி வருகிறவனுக்கு எதையும் விட்டுவிடத் தெரியும். எனக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது. அதனால்தான் நாம் இருவரும் ஒத்துப்போனோம்.

முதலில் உம்மைத்தான் திட்ட வேண்டும். காய்ச்சலோடு பயிற்சிக்கு வந்தீர். கண் இரண்டும் சிவந்திருந்தது. வீட்டுக்குப் போம் என்று நானும் கஜனும் மாறி மாறிச் சொன்னோம். "குளிசை போட்டனான், நீர் பாட்டைத் தொடங்கும்" என்றீர். அன்றைக்கு என்றுமில்லாத மாதிரி வாசித்தீர், அதுவேறு. மறுநாளும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நுளம்பு கடித்துச் சாகிற ஆளா நீர்? கடைசியில் ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொல்லும்போது உமக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. இதற்கு நான் யாரைப் பிடித்து உலுக்குவது என்று இன்றுவரை தெரியவில்லை. செத்துப்போன ஒருவரில் இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை.

மானிப்பாயில் கனடாக்காரரின் வீட்டுக் கராஜ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் நாங்கள் ஒட்டிய முட்டைத் தட்டுகளில் பல்லி முட்டையிட்டிருக்கிறது. அந்த வெக்கைக்குள் இருந்துகொண்டு நீர் ட்ரம்ஸில், கஜன் கிற்றாரில், நான் பேஸும் குரலும் என்று மூன்று பேராக ஒரு ரொக் குழு நடத்தினோம். யாழ்ப்பாணத்தில் ரொக் குழு என்றால் சனம் என்ன நினைக்கும் என்பது உமக்குத் தெரியும். பிறந்தநாள் வீட்டிலும் சாமத்தியச் சடங்கு வீட்டிலும் தெரிந்த சினிமாப் பாட்டுகளை வாசித்துத்தான் காலம் ஓடியது. நாம் உயிரைக் கொடுத்து வாசிக்க, முன்னால் ரோல்ஸைக் கடித்தபடி காணி விலை கதைப்பார்கள். ஒருமுறை ஒருவர் மேடைக்கே ஏறிவந்து, தம்பி கொஞ்சம் மெல்லமாய் அடியும், போனில் கதைக்கிறேன் என்றார். நீர் குச்சியை அவரிடமே நீட்டினீர். அந்த வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு தரவில்லை.

அன்று திரும்பி வரும்போதுதான் சொன்னீர், ஒரே ஒரு நாள் போதும் என்று. எங்கள் பாட்டு மட்டும். எல்லாமே புதுசு. சின்ன மண்டபம், கேட்க வருகிறவர்கள் மட்டும். அதோடு ஒரு சட்டமும் போட்டீர்: "பாட்டுக்கு முன்னாலை ஒருத்தரும் கதைக்கக்கூடாது."

அந்த ஒரு மண்டபத்துக்கு எவ்வளவு அலைந்தோம். கராஜிலிருந்து சில ஒழுங்கை தள்ளி இருக்கிற சனசமூக நிலையத்துக்கு நீரே போய்க் கேட்டீர். அதன் தலைவர் உம்மை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கதைத்தார். இது வாசிகசாலை, தகரம் தட்டுகிற இடமில்லை என்றார். உம்முடைய தலைமயிரைப் பார்த்தபடி, படித்த பிள்ளைகள் வந்து போகிற இடம் என்றும் சொன்னார். நீர் திரும்பி வந்து ட்ரம்ஸில் அடித்த அடியில் ஒரு தோல் கிழிந்தது.

நீர் போய்ச் சில மாதத்துக்குப் பிறகு கஜன் அதே மனிசரிடம் போனான். உம்முடைய ஞாபகமாய் ஒரு நிகழ்ச்சி வைக்கப்போகிறோம் என்று மட்டும் சொன்னானாம். அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. மண்டபம் சும்மா, கதிரை சும்மா, மின்சாரம் சும்மா. உயிரோடு கேட்டவருக்கு வாசலில் நிற்க இடமில்லை, செத்தவருக்குப் பிரதம மேடை. இதுதான் எங்கள் ஊர். மற்றதெல்லாம் நாங்கள் பார்க்கிறோம் என்று தலைவர் சொன்னதைக் கஜன் தேத்தண்ணியும் கதிரையும் என்று விளங்கிக்கொண்டு வந்தான். பிறந்ததிலிருந்து இங்கே வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் ஊரில் மூன்று பேர் கூடினால் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், மற்றவர் நன்றியுரை.

அன்று பின்னேரம் சாமான்களோடு போய் இறங்கினால் மேடை முழுக்க ஒரு பதாகை. அதில் உம்முடைய படம். அடையாள அட்டைக்கு எடுத்த படமாக்கும், தலையை ஒட்ட வாரி, கழுத்துப்பட்டி கட்டி, வங்கிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி நிற்கிறீர். அதற்கு ஒரு மாலை, முன்னால் குத்துவிளக்கு. நிகழ்ச்சி நிரல் அச்சடித்துக் கதிரைக்குக் கதிரை வைத்திருந்தார்கள். விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, நினைவுரைகள், பிரதம விருந்தினர் உரை, கௌரவிப்பு. எல்லாவற்றுக்கும் கீழே, நன்றியுரைக்கு மேலே, பொடி எழுத்தில் 'கலை நிகழ்ச்சி'. அதுதான் நாங்கள்.

உம்முடைய ட்ரம்ஸைப் பதாகைக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னார்கள், பேச்சாளர்களுக்கு இடைஞ்சலாம். உமக்குப் பதிலாய் வாசிக்க வந்த அன்ரன் அண்ணை அதற்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு இருந்தார். ஓம், அதே அன்ரன் அண்ணைதான். கலியாண வீடுகளில் பைலா ஆட்டப்பாட்டுக்கு அடிக்கிறவர். செத்த வீட்டுப் பாட்டுக்கும் உவர் பைலாத்தான் அடிப்பார் என்று நீர் நக்கலடித்தீரே, அவர்தான். உம்முடைய பாட்டெல்லாவற்றையும் போனில் போட்டுக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி வந்திருந்தார். பேச்சு நீள நீள, குச்சியால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

என்னவெல்லாம் பேசினார்கள்! தலைவர் உம்மை ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். கலையுலகம் இருண்டுவிட்டது என்றார். வாசலில் நிறுத்தி வைத்த அதே வாயால் சொன்னார். அடி பலமாயிருக்கிறது என்று சொல்லி முன்பு உம்மை ஒரு பாண்ட் குழுவிலிருந்து துரத்தியவர் வந்து, தன் கையைப் பிடித்து வளர்ந்த பிள்ளை என்று கண்ணைத் துடைத்தார். பிரதம விருந்தினர் உம்மைக் கண்டதே இல்லை. ஆனாலும் நீர் அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்றார். அதைக் கேட்டுப் பின்வரிசையில் இருந்த பெடியள் சிரித்தார்கள். செயலாளர் திரும்பி முறைத்தார். பாவம் அந்தப் பெடியள். உடுவிலிலிருந்து சைக்கிளிலும் நெல்லியடியிலிருந்து பஸ்ஸிலும் பாட்டுக் கேட்க வந்தவர்கள், கடைசிப் பஸ்ஸை நினைத்து நெளிந்துகொண்டு இருந்தார்கள்.

பிறகு எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பொன்னாடை. அதைப் போர்த்தபடி நான் நிற்க, தலைவர் மைக்கைப் பிடித்தார். "நேரம் போயிட்டுது. மண்டபம் பூட்டவேணும். பிள்ளையள் எல்லாருக்கும் தெரிஞ்ச சோகப் பாட்டொண்டைப் படிச்சு முடிக்கட்டும். அதோடை நன்றியுரை."

அந்த இடத்தில் என் பொறுமை அறுந்தது. மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்று ஊரில் கதை, சரி, பிடுங்கினேன். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு எங்களிடம் இல்லை, நீர் எழுதிய பாட்டு ஒருவருக்கும் தெரியாது, அதைத்தான் பாடப்போகிறோம் என்றேன். கஜன் பதாகையின் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்தான். அன்ரன் அண்ணை வெளியே தெரிந்தார். செயலாளர் மின்சாரத்தை நிறுத்த நேரே சுவரிலிருந்த ஆளியடிக்கு நடந்து அதில் கை வைத்தார்.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த உம்முடைய அம்மா எழும்பினார். குருநகரிலிருந்து ஆட்டோவில் தனியாக வந்து, கறுப்புச் சேலையோடு, அவ்வளவு பேச்சையும் அசையாமல் கேட்டுக்கொண்டு இருந்தவர். சத்தம் வைக்கவில்லை. செயலாளரைப் பார்த்து, "தம்பி, கையை எடும்" என்றார். "என்ரை பிள்ளையைப் பற்றி நீங்கள் கதைச்சதெல்லாம் கேட்டன். அவன் என்ன பாட்டுப் படிச்சவன் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. கேட்டிட்டுத்தான் வீட்டை போவன்."

ஆளி அப்படியே இருந்தது. ஆனால் நான் பாட்டைத் தொடங்கவில்லை. ஏனென்றால் முதல் பாட்டு எது என்று உமக்குத் தெரியும். எங்கே வாசித்தாலும் இதுதான் முதல் என்று நீர் அடித்துச் சொல்லி வைத்த பாட்டு. உம்முடைய அம்மாவைத் திட்டி எழுதிய பாட்டு. கஜன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம், இரண்டாவதைத் தொடங்கும் என்று. நானும் ஒரு கணம் அதைத்தான் நினைத்தேன். மகனைப் புதைத்துவிட்டு வந்து இருக்கிற ஒரு தாய்க்கு முன்னால் அதை எப்படிப் பாடுவது? ஆனால் இவ்வளவு நேரமும் பொய்யைத்தானே கேட்டார். நாங்களும் சேர்ந்து ஒரு பொய்யைக் கொடுத்து அனுப்புவதா? அன்ரன் அண்ணைக்குக் கண்ணைக் காட்டினேன்.

சின்ன மண்டபத்துக்குள் அந்த அடி விழுந்ததும் யன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. பத்திரிகை மேசையில் கிடந்த தாள்கள் பறந்தன. பெடியள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி முன்னால் வந்தார்கள். தலைவர் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனார், முன்பு உம்மை நிறுத்தி வைத்த அதே இடத்துக்கு. நான் உம்முடைய அம்மாவின் முகத்தைப் பார்த்தே பாடினேன்.

சத்தம் போடாதை எண்டாய்
நான் சிரிச்சபோதும்,
சத்தம் போடாதை எண்டாய்
நான் அழுதபோதும்,
சொல்லிச் சொல்லி, அம்மா,
நீ வளத்தது பிள்ளையோ, சுவரோ?

தொண்டை கிழியப் பாடினேன். உம்முடைய கோபம், என்னுடைய கோபம், அந்தப் பின்னேரம் முழுக்க விழுங்கியது எல்லாம் அதற்குள் போனது. பாட்டு முடிந்தபோது பெடியளின் கூச்சல் அடங்கச் சற்று நேரம் எடுத்தது. உம்முடைய அம்மா முன்வரிசையில் நின்றபடியே நின்றார். முகம் கல்லு மாதிரி இருந்தது. "இன்னொருக்காப் படியும், பிள்ளை" என்றார். மறுபடியும் முழுதாகப் பாடினோம். அது முடிய, கைப்பையை எடுத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். மற்றப் பாட்டுகளையும் வாசித்தோம், ஒன்றும் விடவில்லை. கடைசியில், பெடியளெல்லாம் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு, செயலாளர் வெறுங்கதிரைகளுக்கு முன்னால் நின்று நன்றியுரையை முழுதாக வாசித்துத்தான் முடித்தார்.

உம்முடைய அம்மா இனி என் முகத்தில் முழிக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து போன் எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை. அந்தப் பாட்டைப் படியும் என்றார். போனில் வாத்தியம் இல்லாமல் பாடினேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தச் சொல்லிச் சொல்லிப் பதில் சொன்னார், முன்னால் நீர் இருக்கிற மாதிரி. நான் எழுதவில்லை அம்மா என்றால் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். உங்கள் இருவரின் சண்டைக்கு நடுவில் நான் நிற்கிறேன். இவ்வளவு கோபம் இருந்தால் அந்த மனிசியிடம் நேரே கேட்டிருக்கலாமே. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு கேட்காமல், மானிப்பாய்க் கராஜுக்குள் வந்து ட்ரம்ஸைப் போட்டு அடித்தீர்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்குச் சொன்னார். நீர் தவழ்ந்து திரிந்த காலம், ஆள் பிடிக்க ஆமி வந்த ஒரு சுற்றிவளைப்பு. உம்முடைய அப்பா வலைக் குவியலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாராம். வந்தவர்கள் முற்றத்தில் நின்றார்கள். நீர் பால்மாத் தகர ரின்னைக் கவிழ்த்து வைத்து அகப்பையால் அடித்துக்கொண்டு இருந்தீராம். அம்மா ரின்னைப் பறித்து உம்முடைய வாயைப் பொத்தினாராம். அந்தக் கையை அதற்குப் பிறகு எப்படி எடுப்பது என்று தனக்குத் தெரியாமல் போயிற்று என்றார். எங்கே சத்தம் கேட்டாலும் முற்றத்தில் ஆள் நிற்கிற மாதிரியே இருந்ததாம். கடைசியில், "பிள்ளை, அவனுக்கு இதைச் சொல்லும்" என்று ஒரு வசனம் சொன்னார். சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நீர் எழுதியதில் ஒரு சொல்லை மாற்ற விடமாட்டீர். ஒரு 'உம்' கூடினாலும் குச்சியைக் கீழே வைத்துவிடுவீர். போன கிழமை கஜனும் அன்ரன் அண்ணையும் வந்தபோது அந்தப் பாட்டின் கடைசியில், எல்லா வாத்தியமும் நின்ற பிறகு, தனிக்குரலில் உம்முடைய அம்மாவின் வசனத்தைச் சேர்த்துவிட்டேன். "நீ இருந்தால்தானே ராசா, பிறகு சத்தம் போடுவாய்." இனி எங்கே பாடினாலும் இப்படித்தான் பாடுவேன். உம்மைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கோபமென்றால் நீரே வந்து சத்தம் போடும்.