மூன்றாம் அரங்கில் கேட்டது

டிசம்பர் 31, பிற்பகல் 3 மணி 50 நிமிடம். இந்த வருடம் பார்த்த படங்கள் 143. எழுதிய விமர்சனங்கள் 143. அவற்றில் தப்பு என்று இதுவரை உறுதியானவை 11. அந்தப் பதினொன்றில் முதலாவது உன்னுடைய படம்.

அன்புள்ள டெசிபலுக்கு,

நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நான் உடம்பால் நலம். மற்றபடி நான்கு நாட்களாக எதிரில் வருகிறவர்களை எல்லாம் கடித்துக் குதறலாம்போல் இருக்கிறது. காலையில் லிஃப்டில் மாடிவீட்டுக்காரர் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். "சரி" என்றேன். மனிதர் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியில் நடந்து போய்விட்டார்.

வருடா வருடம் இதே நாளில், மாலை ஆறு மணிக்கு, என் தளத்தில் ஆண்டறிக்கை போடுவேன். சிறந்த பத்து, மோசமான பத்து, அடுத்த வருடத் திட்டம். முதல் வருடம் அதைப் படித்துப் பிழை திருத்தியவனே நீதான். இந்த வருடமும் வழக்கம்போல ஆரம்பித்தேன். நட்சத்திர மதிப்பெண் கேட்டுக் கழுத்தை அறுக்கிறவர்கள், முன்னோட்டக் காட்சிக்குக் கூப்பிட்டுக் கேக் கொடுத்துவிட்டு "பாத்துப் பண்ணுங்க" என்று முதுகைத் தடவுகிற விளம்பர ஆட்கள், என் மூக்கைப் பற்றி மட்டும் பன்னிரண்டு நிமிட வீடியோ போட்ட ரசிகர் கூட்டம், எல்லோருக்கும் ஆளுக்கொரு பத்தி வைத்திருந்தேன். யாருக்கும் வளையாத சுதந்திர விமர்சகன் என்று என்னைப் பற்றியும் ஒரு பத்தி.  எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சிலது உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்பதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

மே 9, முதல் காட்சி. நம் கல்லூரிக்குப் பின்னால் உள்ள வளாகத்தில், மூன்றாம் அரங்கு, ஐந்தாம் வரிசை. நீ முதன்முதலாகத் தனியாக ஒலிக்கலவை செய்த படம். இசை நன்றாகக் கேட்டது, மழை நன்றாகக் கேட்டது, பேச்சு மட்டும் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. கடைசிக் காட்சியில் அந்தப் பெண் காலியான வீட்டில் நின்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லி அழுகிறாள். "அப்பா" என்று என் காதில் விழுந்தது. முதல் காட்சியிலேயே செத்துப்போன, அவள் முகம்கூடப் பார்த்திராத அப்பாவை எதற்கு இப்போது கூப்பிடுகிறாள் என்று மூன்று பத்திக்குக் கிழித்தேன். திரைக்கதை எழுதியவரைக் கிழித்தேன், இயக்குநரைக் கிழித்தேன், பிறகு உன்னிடம் வந்தேன். நான் எழுதியது எனக்கு மனப்பாடம்: "ஒலிக்கலவை செய்தவர் என் கல்லூரி நண்பர். அதனாலேயே ஒரு சொல் கூடுதலாகச் சொல்கிறேன். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு செய்த வேலை இது."

அதனாலேயே. அந்தச் சொல்லைப் போட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நட்புக்காக வளையாதவன் என்று காட்டுவதற்கு ஒரு நண்பன் தேவைப்பட்டான். நீ கிடைத்தாய்.

அந்த ஒரு வரியை வெட்டிப் படமாக்கி ஊரெல்லாம் பரப்பினார்கள். பஞ்சுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் உன் புகைப்படத்தை ஒட்டினார்கள். ஸ்டுடியோவில் உன்னைப் "பஞ்சு" என்றே கூப்பிட ஆரம்பித்ததாக அப்புறம்தான் கேள்விப்பட்டேன். உன் கையில் இருந்த இரண்டு படங்களும் வேறு ஆளுக்குப் போயின. அப்போதுகூட நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்: வேலையைக் கற்றுக்கொள்ள இது அவனுக்கு நல்ல அடி.

அன்றைக்கு மதியம் நீ ஒரு செய்தி அனுப்பினாய். "படிச்சேன். எந்த ஹால்?" மொத்தம் மூன்று சொல். நான் பதில் போட்டேன், "சவுண்ட்காரன் எல்லாரும் சொல்ற முதல் சாக்கு இது." அதோடு நீ நிறுத்திக்கொண்டாய். ஏன்டா நிறுத்தினாய்? இசையும் மழையும் சரி, பேச்சு மட்டும் கம்பளி என்று படித்த உடனேயே உனக்குப் புரிந்திருக்கும். இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? "முட்டாளே, போய் அந்த நடு ஸ்பீக்கரைப் பார்" என்று ஒரு வரி எழுத உனக்கு விரல் இல்லையா? உன் ரோஷத்தைத் தூக்கி உடைப்பில் போடு. படம் ஓடின மூன்று வாரத்தில் அந்த ஒரு வரி போதும், எல்லாம் மாறியிருக்கும்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. வாசகர்கள் மூன்று பேர் எழுதினார்கள், அவள் சொல்வது "அக்கா" என்று. தன்னை வளர்த்த அக்காவை, தான் விரட்டிவிட்ட அக்காவைக் கூப்பிடுகிறாள், படமே அந்தச் சொல்லுக்காகத்தான் என்று ஒரு பள்ளி ஆசிரியை ஒரு பக்கம் விளக்கினார். நான் அவருக்குக் காது மருத்துவரைப் பார்க்கச் சொல்லி யோசனை சொன்னேன். அந்தப் பதிலுக்கு நானூறு பேர் சிரித்திருக்கிறார்கள்.

இப்போது டிசம்பர் 27. ஆண்டறிக்கைக்காக எல்லாப் படத்தையும் எக்செல் தாளில் ஏற்றினேன். தேதி, அரங்கு, வரிசை, கதை, ஒளி, ஒலி. "வசனம் தெளிவில்லை" என்று இந்த வருடம் பதினோரு படங்களில் எழுதியிருக்கிறேன். தமிழ்ப் படங்களில் ஒலித்தரம் சரிந்துவருகிறது என்று ஒரு முழநீளக் கட்டுரை எழுதலாம் என்று எனக்கு ஒரே உற்சாகம். சும்மா அரங்கு வாரியாக அடுக்கிப் பார்த்தேன். பதினொன்றும் மூன்றாம் அரங்கு. ஒன்றுகூட வெளியே இல்லை. அந்த அரங்கில் நான் பார்த்ததே பதினொன்றுதான்.

 சட்டையை மாட்டிக்கொண்டு அங்கேயே போனேன்.

அந்த வளாகத்து ஆபரேட்டரை நீ பார்த்திருப்பாய். கழுத்தில் டார்ச்சைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார், இரண்டு காட்சிக்கு நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அவரிடம் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"நடு ஸ்பீக்கர்ல மேல இருக்கிற ஹார்ன் பிப்ரவரியிலயே எரிஞ்சுபோச்சு சார். கீழ இருக்கிறது மட்டும்தான் ஓடுது."

மேனேஜரிடம் சொல்லவில்லையா என்றேன். வாய் வலிக்கச் சொன்னாராம். யாராவது எழுத்தில் புகார் கொடுத்தார்களா என்று மேனேஜர் கேட்டாராம். யாரும் கொடுக்கவில்லை. அப்புறம்தான் பேப்பரை மடித்துவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க சினிமா பத்தி எழுதறவர்தானே? எப்பவும் அஞ்சாவது வரிசையில உக்காந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போவீங்க. சரி, அவர் காதுக்கே சரியா இருக்குன்னா நமக்கென்னன்னு நானும் விட்டுட்டேன்."

நான் அவர்மீது எரிந்து விழுந்தேன். பிறகு மேனேஜர் அறைக்குப் போய் அங்கேயும் கத்தினேன். அவர் ஒரு புகார்ப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். பிப்ரவரியிலிருந்து அதில் இருந்தது இரண்டே புகார், இரண்டும் கழிப்பறை பற்றியது. கத்துவதற்கு அப்புறம் எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

இரண்டாம் வருடம் ஒலியியல் படித்தோமே. படத்தில் பேச்சு வருவது நடு ஸ்பீக்கரில்தான். அதன் ஹார்ன் போனால் உச்சஸ்தாயி ஒலி போகும், அது போனால் உயிரெழுத்து பிழைத்துக்கொள்ளும், மெய்யெழுத்து செத்துப்போகும். "அக்கா"வில் மெய்யை எடுத்தாலும் "அப்பா"வில் மெய்யை எடுத்தாலும் மிச்சம் அதே அ, அதே ஆ. அந்தத் தாளில் நான் உன்னைவிடப் பதினெட்டு மதிப்பெண் கூட வாங்கினேன். எனக்கு மீட்டர் என்று பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். அளக்கிற மீட்டரைச் சரிபார்க்க யாரையும் நான் விட்டதில்லை. படம் எடுத்தவர்களோடு வெளியீட்டுக்கு முன்னும் பின்னும் பேசக்கூடாது என்று எனக்கு ஒரு விதி உண்டல்லவா, நேர்மைக்காக வைத்த விதி. அந்த விதி இல்லாதிருந்தால் உனக்கு ஒரு போன் போட்டிருப்பேன். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

28ஆம் தேதி உன் படத்தை வீட்டில், நல்ல ஹெட்போனில் பார்த்தேன். அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மழையை நீ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறாய். குறைவது தெரியவே இல்லை. அவள் நாக்கு அண்ணத்தைத் தொட்டு விடுபடுகிற ஓசைகூடக் கேட்கிறது. அக்கா. இதைப் பற்றி இன்னும் எழுத என்னிடம் வார்த்தை இருக்கிறது, ஆனால் உன்னைப் பாராட்டும் இடத்தில் நான் இப்போது இல்லை.

இயக்குநருக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது அதைவிட மோசம். ஸ்டுடியோவில் கேட்டபோது அவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம். நான் எழுதியதைப் படித்த பிறகு தன் காதையே சந்தேகப்பட்டு, அடுத்த படத்துக்கு உன்னைக் கூப்பிடத் தயங்கிவிட்டாராம். மார்ச்சில் கலவை வேலை ஆரம்பிக்கிறதாம், இன்னும் யாரையும் முடிவு செய்யவில்லையாம். 

உன் முகவரி வாங்க உங்கள் வீட்டுக்குப் போனேன். ஏழு மாதமாக நான் ஏன் வரவில்லை என்று அம்மா கேட்கவே இல்லை. வாப்பா என்றார்கள், டீ போட்டார்கள், நீ வேலை செய்கிற விமான நிலையத்தின் புகைப்படத்தைக் காட்டினார்கள். அறிவிப்பு ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்கிறாயாமே. நீ சீருடையில், கையில் ஏணியோடு நிற்கிறாய், இளைத்திருக்கிறாய். பிறகு அவர்களாகவே பேசினார்கள். "எவனோ ஒரு வெட்டிப்பய என்னமோ எழுதிப்புட்டான்ப்பா. யாருன்னு கேட்டா இவன் சொல்லவே மாட்டேங்கிறான். உனக்குத் தெரியுமா அது யாருன்னு?"

ஊரே படித்தது, உன் அம்மாவுக்கு மட்டும் தெரியாமல் வைத்திருக்கிறாய். எதற்கு? அவர்கள் வீட்டில் எனக்கு ஒரு டம்ளர் டீ மிச்சம் இருக்கட்டும் என்றா? அதைக் கேட்டபோது உன்மீது எனக்கு வந்த கோபம், டெசிபல், இந்த வருடம் வேறு எவன்மீதும் வரவில்லை.

நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

டீ ஆறிவிட்டது, கொடு என்று என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் பாதிகூடக் குடித்திருக்கவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு துண்டுக் காகிதத்தில் உன் முகவரியோடு வந்தார்கள். போன் நம்பரும் கொடுங்கள் என்றேன், மே மாதத்துக்கு அப்புறம் நீ மாற்றிவிட்டாய்.

"போன்ல வேண்டாம். போன்ல நீயே பேசிட்டு இருப்பே. எழுது. எழுதினா அவனுக்குப் பிடிக்கலைன்னா பாதியில வச்சுட்டு வேலைக்குப் போவான்."

ஆகவே எழுதுகிறேன். இதுவரை படித்திருந்தால் நன்றி. மன்னிப்பு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடவில்லை. அதைப் போட்டால் நீ உடனே "விடுடா" என்று எழுதிவிடுவாய், எனக்குத் தெரியும். மணி ஐந்து ஐம்பது ஆகிறது. இனி நான் செய்யப்போவது:

1. ஆறு மணிக்கு ஆண்டறிக்கை வெளிவரும். அதில் சிறந்த பத்து இல்லை, மோசமான பத்து இல்லை. மே 9 விமர்சனம், அதில் என்ன தப்பு, ஏன் தப்பு, யார் விலை கொடுத்தார், அவ்வளவுதான். இதோடு என் தளம் படுத்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். படுக்கட்டும்.

2. மற்றப் பத்துப் படங்களையும் வேறு அரங்கிலோ வீட்டிலோ திரும்பப் பார்ப்பேன். பத்து ஒலிக்கலவையாளர்களுக்கும் தனித்தனியாக எழுதுவேன். அந்தப் பள்ளி ஆசிரியைக்கும்.

3. அந்த ஹார்ன் மாறும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய்ப் புகார்ப் புத்தகத்தில் எழுதுவேன். 27ஆம் தேதி எழுதியதே இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது.

4. ஒலியைப் பற்றி ஒரு வரி எழுதுவதானாலும் இரண்டு அரங்கில் கேட்ட பிறகே எழுதுவேன். "எந்த ஹால்?" என்று யார் கேட்டாலும் பதில் சொல்வேன்.

5. இயக்குநரின் எண்ணை இதோடு வைக்கிறேன். கூப்பிடு என்று சொல்லமாட்டேன், கூப்பிடாதே என்றும் சொல்லமாட்டேன். உனக்காக அவரிடம் நான் பேசவும் மாட்டேன். உன் வேலை பேசட்டும், இந்த முறை அது எல்லோருக்கும் கேட்கும்.

6. ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்க்கப் போவேன். அவர்கள் என்னை வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கதவு திறந்தால் உள்ளே போவேன், திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறு போவேன். இடையில் நீ போன் போட்டு என்னைப் பற்றி அவர்களிடம் நல்லதாக எதையும் சொல்லித் தொலைக்காதே. இந்த ஒரு தடவையாவது என்னைக் காப்பாற்றாமல் இரு. ஏணியில் ஏறும்போது பெல்ட் போட்டுக்கொள்.

மீட்டர்