நாலு நட்சத்திரம், ஒரு சின்னக் குறை

செவ்வாய், நவம்பர் 4

காலையிலிருந்து தூறல். கடைக்கு முருங்கைக்காய்ப் பெட்டி வந்தது, பாதி கறுப்பு. நல்லதை மேலே வைத்துக் கட்டச் சொன்னார் முதலாளி. கட்டினேன். சம்பளம் தருபவர் அவர்.

மாலை சமைக்கும்போது தம்பி நிமலனின் அழைப்பு, நகருக்கு வெளியே கூசேன்வில்லிலிருந்து. விமான நிலையத்தில் பெட்டி தூக்கி இடுப்புப் போய்விட்டதாம். இனி போனில் சூதாடப் போகிறானாம். மயில் படம் போட்ட ஏதோ ஓர் இணையத் தளம்.

"அக்கா, றிவியூ எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. நீ ஒருக்காப் பாத்துச் சொல்லன். நீயெண்டால் துருவித் துருவிப் பாப்பாய்."

"உனக்கென்ன விசரோ?"

"நீ பாத்திட்டு வேண்டாம் எண்டால் விடுறன்."

விடுவானாம். வேண்டாம் என்று சொன்னதைத்தான் சின்ன வயதிலிருந்து முதலில் செய்வான். காரணம் காட்டிச் சொன்னால் ஒருவேளை கேட்பான். பார்ப்பதாகச் சொன்னேன்.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கணவர் ரூபனுக்கும் கேட்டது. முழங்காலை நாற்காலியில் நீட்டியபடி மனிதர் போனில் எழுதிக்கொண்டிருந்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு ரெஸ்டோரண்ட் வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டிலிருந்து பிரெஞ்சு படிக்கிறார். இந்த வயதில் இப்படி ஓர் அக்கறை. எனக்குப் பெருமைதான்.

"நீர்தானே உதுகளில கெட்டிக்காரி. பாத்துச் சொல்லுமன்" என்றார்.

நாளை: பால், சலவைத்தூள், ரூபனின் மாத்திரை.


புதன், நவம்பர் 5

மழை இல்லை. குளிர்.

மதியம் கடைப் பின்னறையில், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து மதிப்புரைகள் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தவை ஒரே அச்சு. அருமை, அருமை, உடனே பணம் வந்தது. பிரெஞ்சில் இருந்தவை அதைவிட மோசம், எல்லாம் ஒரே வாரத்தில் எழுதியவை. குப்பை.

எனக்கென்று சில கணக்கு உண்டு. சோறாக்கும் குக்கர் வாங்கிய நேரம் ரூபனுக்குப் பாடமே எடுத்தேன். ஐந்து நட்சத்திரக்காரனை நம்பக் கூடாது. உண்மையில் வாங்கியவன் நாலு நட்சத்திரம் போட்டு ஒரு சின்னக் குறை சொல்வான். ஒருவருக்கும் தேவையில்லாத ஏதோ ஒன்றையும் சேர்த்துச் சொல்வான். மூடி அடுப்புக்குப் பின்னால் விழுந்தது, அன்றைக்குப் பார்த்து மாமி வந்து நின்றா, இப்படி. பொய்யனுக்கு அதற்கெல்லாம் பொறுமை இராது.

கடைசியில் தமிழ் மதிப்புரைகள். நம்முடைய பேச்சிலேயே. ஒருவர் பணம் வர ஒரு கிழமை பிந்தியதென்று குறைப்பட்டிருந்தார். வந்த அன்று லிஃப்ட் வேலை செய்யாததால் அரிசிப்பையுடன் ஐந்தாம் மாடி ஏறினாராம். நாலு நட்சத்திரம். சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கட்டட லிஃப்டும் இப்படித்தான்.

இந்தச் சின்னக் கூட்டத்துக்காக யார் மெனக்கெட்டுத் தமிழில் பொய் எழுதப் போகிறார்கள்?

நிமலனுக்குச் சொன்னேன்: "தமிழில எழுதினது மட்டும் மெய் போலத்தான் கிடக்கு. கொஞ்சமாப் போட்டுப் பார்."

சலவைத்தூள் மறந்துபோனது.


செவ்வாய், நவம்பர் 11

விடுமுறை நாள், எங்கள் கடைக்கு இல்லை. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிய சனம் முழுக்க எங்கள் லா சப்பல் கடைத்தெருவில். ஒரு பெண் வெண்டிக்காயை ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்தாள். "நீங்கள் முறிச்சதை ஆர் வாங்கிறது?" என்றேன். "வாங்கிறவை வாங்குவினம்" என்றாள். நல்ல திமிர்.

நிமலன் கடைக்கே வந்துவிட்டான், முகம் செத்துப்போய். வென்றதாகத் திரையில் காட்டுகிறது, கையில் வருவதில்லை. பாஸ்போர்ட் படம் கேட்டார்கள், கொடுத்தான். மறுபடி கேட்டார்கள். இப்போது கணக்கைப் பூட்டிவிட்டு, திறக்க இன்னும் பணம் கட்டச் சொல்கிறார்கள். வங்கிக்குப் போயிருக்கிறான். அங்கே இருந்த பெண், இந்த நாட்டில் இணையக் காசினோவுக்கு அனுமதியே கிடையாது, தெரியாதா என்று கேட்டாளாம்.

"நீ பாத்தனிதானே, அக்கா" என்றான். கோபமாகக்கூட இல்லை.

பார்த்தேன். நட்சத்திரம் பார்த்தேன், லிஃப்டைப் பார்த்தேன். அனுமதி இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அவன் போனதும் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். புதிதாக ஒன்று, ஒரு பெண்ணின் பெயரில். நாலு நட்சத்திரம். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"என்ரை பிள்ளை அஞ்சாம் மாசம் வயித்துக்குள்ளையே செத்துப்போட்டுது. பின்னின மஞ்சள் தொப்பியை அரிசி வாளிக்குள்ளை ஒளிச்சு வைச்சனான். அந்த நேரம் எனக்குக் கை தந்தது இந்தத் தளம்தான். காசு வரக் கொஞ்சம் பிந்தினது மட்டும்தான் குறை."

 இது நான். அம்மாவுக்குச் சொல்லவில்லை, நிமலனுக்குச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர், ரூபனும் என் சிநேகிதி கீதாவும். என் பிள்ளையை விற்றிருக்கிறாள். கீதா!

ஒவ்வொரு தமிழ் மதிப்புரையின் அடியிலும் ஓர் இணைப்பு, எல்லாவற்றிலும் கடைசி எழுத்துகள் ஒன்றே. அதை அழுத்தி ஆள் சேர்ந்தால் எழுதியவருக்குப் பங்கு. எல்லாம் ஒரே கை.


புதன், நவம்பர் 12

மார்க்ஸ் டோர்மோய் தெருவில் கீதாவின் அழகு நிலையம். ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"உனக்கு இதுக்கு எவ்வளவு தந்தவங்கள்?"

வாசித்தாள். நூல் பல்லிலேயே நின்றது.

"என்னடி இது? நான் எழுதினனோ? உனக்கென்ன பைத்தியமோ?"

"வேற ஆருக்குத் தெரியும்?"

"தொப்பியோ? என்ன தொப்பி?"

நடிக்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் கதைதான் என்று சொன்னேன், அந்தப் புருவக்காரி கேட்கும்படி. கீதா புருவ வேலைக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டிவந்தவள் அவள்.

வீட்டுக்கு வந்து ரூபனின் தோளில் சாய்ந்து அழுதேன். தலையைத் தடவிக்கொடுத்தார். "விடுமப்பா, சனம் அப்பிடித்தான்" என்றார்.


வியாழன், நவம்பர் 13

மழை. பருப்பு மூட்டை ஈரம்.

தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. என்ன தொப்பி என்று கேட்டாளே. தொப்பியைப் பற்றி நான் கீதாவிடம் சொன்னதே இல்லை. வயிற்றில் தங்கவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அரிசி வாளிக்குள் கை விட்டு அதை எடுத்தவர் ரூபன். கஞ்சி வைக்கப் போனவர் தொப்பியோடு அடுக்களை வாசலில் நின்றார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

அரை நாள் கேட்டு வீட்டுக்குப் போனேன்.

"நீங்களோ எழுதினது?"

இல்லை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன் போல. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"முழங்காலோட எவ்வளவு நாளைக்கு உம்மடை உழைப்பில இருக்கிறது?"

"பிரெஞ்சு படிக்கிறன் எண்டனீங்கள்."

முழங்காலைத் தடவினார்.

"நிமலன் கேக்கேக்கை பக்கத்திலதானே இருந்தனீங்கள்? பாத்துச் சொல்லுமன் எண்டு நீங்களும் சொன்னனீங்கள்தானே?"

"சும்மா கேக்கிறான், போடமாட்டான் எண்டு நினைச்சன்."

"தொப்பி?"

கவிழ்த்த போனைப் பார்த்தபடி சொன்னார். "நீர் பாத்து முடிச்சிட்டீர், இனிப் பாக்கமாட்டீர் எண்டு நினைச்சன். தேவையில்லாத ஒண்டைச் சேத்தால்தான் சனம் நம்பும் எண்டு நீர்தானே சொன்னனீர்."

தேவையில்லாத ஒன்று.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். எப்படி மேய்வதென்று வேலிக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நேற்று என் தலையைத் தடவியது அந்தக் கைதான். 


வெள்ளி, நவம்பர் 14

கீதாவுக்கு மூன்று தடவை போன் எடுத்தேன். பிறகு ஒரு செய்தி அனுப்பினாள்: "இப்ப வேண்டாம்." சரி.

நிமலனுக்கு இன்னும் சொல்லவில்லை. அத்தான் என்றால் உயிரை விடுவான். எப்படிச் சொல்வது?

ரூபன் அழுதார். எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சத்தியம் செய்தார். நொண்டி நொண்டிப் போய்ச் சலவைத்தூள் வாங்கி வந்திருந்தார், அதுவும் நான் பாவிக்காத வகை. பேசவில்லை. ஆனால் மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு வைத்தேன். வலியில் கிடக்கவிட மனம் வரவில்லை.


ஞாயிறு, நவம்பர் 16

வெயில், பேருக்கு. கடைக்குப் போகவில்லை.

காலையில் அவருக்குத் தேநீரை வைத்துவிட்டு அறைக்குள் வந்துவிட்டேன். "குடிச்சனீரோ?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய்வரை வந்தது. அடுத்த கிழமை பேசலாம், கீதாவிடம் இரண்டு பேரும் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றெல்லாம் யோசித்தேன்.

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன். மயில் தளத்தின் பக்கத்தில் ஒரு தமிழ் மதிப்புரையும் இல்லை. சொன்னபடி அழித்திருக்கிறார். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. கீழே, இதைப் போன்ற வேறு தளங்கள் என்று ஒரு வரிசை. யானைப் படம் போட்ட ஒன்று. அதில் ஒரே ஒரு தமிழ் மதிப்புரை, இன்று எழுதியது. அடியில் இணைப்பு, அதே கடைசி எழுத்துகள்.

"மனிசி என்னோட கதைக்கிறேல்லை. முந்தித் தேத்தண்ணி வைச்சால் கோப்பைக் காதை என்ரை பக்கம் திருப்பி வைப்பா, இப்ப சுவர்ப்பக்கம் வைக்கிறா. இந்த நேரத்தில மனதுக்கு ஆறுதல் இந்தத் தளம்தான். காசு வர ரெண்டு நாள் பிந்தினது மட்டும்தான் குறை."

நாலு நட்சத்திரம்.

கோப்பையின் பிடியை எந்தப் பக்கம் திருப்பி வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். மேசையில் அப்படியே இருந்தது, ஆறிப்போய். சுவர்ப்பக்கம்தான்.