வால் மழுங்கிய மீன்

அல் குசைஸ், துபாய்
ஐப்பசி பதினெட்டு, திங்கள்

அன்பு மகன் பாண்டித்துரைக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் உன் தங்கச்சி அகிலாவும் அவள் பிள்ளைகளும் மேலுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மேட்டுப்பாளையத்தில் நீயும் மருமகளும் கல்யாணப் பொண்ணு சந்தியாவும் அப்படியே இருக்க மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்க இவள் ஏன் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நினைப்பாய், போனில் பேசினால் அகிலா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், இது அவள் காதில் விழக் கூடாத சங்கதி. கீழ்வீட்டு அருள்முருகன் லீவில் ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். மூணாங்கிளாஸ் எழுத்து, கூட்டி வாசித்துக்கொள்.

போன வாரம் சந்தியா கல்யாணப் பத்திரிகையில் வீரபாண்டி சித்தப்பா பெயரைப் போடட்டுமா என்று நீ கேட்டாய், அவன் பந்தலில் கால் வைத்தால் நான் பிளேன் ஏறமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்கப் பழசே ஓடியது. உங்கப்பா மலையில் மீன் பண்ணை வாட்சராக இருந்தது உனக்குத் தெரியும். பண்ணைத் தொட்டியில் வளர்ப்பது ஒன்று, பின்னால் கரும்பாறை ஓடையில் தன்பாட்டில் திரிகிற ட்ரௌட் மீன் ஒன்று. அதைப் பிடிக்கக் கோயமுத்தூர் மில் முதலாளிகள் தூண்டிலோடு ஜீப்பில் வருவார்கள், உங்கப்பாதான் கூட்டிப்போவார். அங்கே புழு மாட்டக் கூடாது, இறகில் கட்டின பொய்ப்பூச்சிதான். நம் சிவப்புச் சேவலின் கழுத்து இறகை எடுத்து முள்ளில் நூல் சுற்றிக் கட்டிக் கொடுத்தது நான், அவர்கள் சீமைப் பூச்சியை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்தாலும் மீன் என் பூச்சியைத்தான் கவ்வும். உங்கப்பா நிழல் தண்ணீரில் விழாமல் குனிந்து நின்று நூலை வீசுவார் பார், பின்னால் ஒருதரம் முன்னால் ஒருதரம், பூச்சி தண்ணீரில் உட்காருவது தெரியவே தெரியாது, அதற்குள் சிவப்புப் புள்ளி போட்ட உடம்பு ஒன்று துள்ளும். கூடையை வைத்துக்கொண்டு கரையில் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்பேன், இங்கே ஏசியில் கண்ணை மூடினால் அந்த ஓடைத் தண்ணீர்க் குளிர் இன்னும் கணுக்காலில் ஏறுகிறது.

நீ ஏழு மாசம் வயிற்றில் இருக்கும்போது எனக்கு அந்த மீன்மேல் ஆசை வந்தது. ஆடி மாசம், மூணு நாளாக விடாத மழை. நாலாம் நாள் விடிந்ததும் உங்கப்பா ஒரு முழ நீளத்துக்கு மீனைக் கொண்டுவந்து, ஓடையில் தூண்டிலில் மாட்டினது என்றார். அன்றைக்கே தொட்டியில் தாய் மீன் ஒன்று குறைகிறது என்று ஆபீசர் கத்தினார். அங்கேயே வேலை பார்த்த வீரபாண்டி, பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தான், அண்ணன் கையில் மீனைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டான். வேலை போயிற்று, பெட்டி சட்டியோடு மலை இறங்கினோம். ஓடை மீனைத் திருட்டு மீனாக்கிக் கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தானே என்று, பஸ் ஏறுமுன் அத்தனை பேர் எதிரிலும் மண்ணை வாரி அவன்மேல் தூற்றினேன். உங்கப்பா போனபோது மாலையோடு வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பினேன், நீ பார்த்தாய்தானே.

முந்தாநாள் அகிலா சூப்பர்மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள், ஐஸ்மேல் அதே புள்ளி மீன் கிடக்கிறது. மீன் வெட்டுகிற ஹசன் அலி காயல்பட்டினத்துக்காரர், இது எந்த ஓடை மீன், வால் ஏன் மொண்ணையாக இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டு, "ஓடை ஏதும்மா, தொட்டி மீனு. சிமிண்டுல உரசி உரசி வால் மழுங்கிப்போவும். ஓடை மீனுக்கு விசிறி கணக்கா இருக்கும்" என்றார். அகிலா ரெண்டு கிலோ போடச் சொன்னாள், நான் வெளியே வந்து ட்ராலிகள் பக்கம் நின்றுகொண்டேன்.

தம்பி, அன்றைக்கு அந்த மீனைக் கழுவினது இந்தக் கைதான். அதற்கும் வால் மொண்ணை. என்னங்க இப்படி இருக்கு என்று கேட்டதற்கு, பாறையில் அடிபட்டிருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழையில் ஓடை கலங்கினால் மீன் கண்ணுக்குப் பூச்சி தெரியாது, வீசிப் பிரயோசனமில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். எதையும் மறக்காதவள் என்று பேர் வாங்கினவள் நான், இதையும் மறக்கவில்லை, எடுத்துப் பார்க்கத்தான் இல்லை. வீரபாண்டிக்கு எல்லாம் தெரியும். நாற்பத்தைந்து வருஷம் நான் ஏசினதற்கெல்லாம் அது தொட்டி மீன் அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்கப்பா என் எதிரில் தலைநிமிர்ந்து சோறு தின்றிருக்க மாட்டார்.

அதனால் பத்திரிகையில் உங்கப்பா இருக்க வேண்டிய இடத்தில் அவன் பெயரைப் போடு. தபாலில் அனுப்பாதே, நீயும் மருமகளும் தட்டோடு நேரில் போங்கள். மன்னிப்பு அது இது என்று நீ பேச வேண்டாம், அது நான் பேச வேண்டியது, தை பிறக்குமுன் வந்து பேசுகிறேன். அவன் பெண்டாட்டி கருப்பாயி என் இட்லிச் சட்டியை வாங்கிப் போய்த் திருப்பித் தராதது வேறு விஷயம், அதை விட்டுவிட்டேன் என்று அவள் நினைக்க வேண்டாம்.

சந்தியா தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல். நீ ராத்திரியில் தயிர் சேர்க்காதே, உனக்கு இளைப்பு. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்க மறக்காதே. இதை வாசித்ததும் கிழித்துப் போடு, அகிலாவுக்கு அவள் அப்பா அப்படியே இருக்கட்டும். நீ அந்த மீனைத் தின்று வளர்ந்த உடம்பு, உனக்குத் தெரியலாம்.

நூறு வருஷம் நல்லா இரு கண்ணு.

உன் அம்மா,
பொ. சுந்தராம்பாள்