ஸ்வெட்டரைப் பழசாக்கப் போனோம்

பொதட்டூர்பேட்டை,
சனிக்கிழமை சாயங்காலம்.

என் செல்ல மகள் ஷைனிக்கு,

அம்மா எழுதுகிறேன். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்திருப்பாய். சரியாகத்தான் படித்தாய். பொதட்டூர்பேட்டை, உன் மாமியார் வீடு. உனக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் இந்த வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை என்பது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இன்றைக்கு இவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இவர்கள் வீட்டுத் தட்டில் சோறு தின்றுவிட்டு, இவர்கள் வீட்டுப் பேனாவாலேயே உனக்கு எழுதுகிறேன். தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருக்கிறேன். கொஞ்சம் முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். குழந்தைப் பேச்சை எடுத்தாலே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனிக் கொட்டகைக்குள் நிற்கிற உன் நைனாவுக்கு நன்றாகக் கிடைக்கிற சிக்னல், ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிற உனக்கு மட்டும் கிடைப்பதில்லை. கடிதத்தை நீ கட் பண்ண முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு எட்டாம் மாசம் நடக்கிறது. அங்கே குளிர் நடுக்குகிற நேரத்தில் பிள்ளை பிறக்கும். அதற்கென்று வீட்டில் ஒரு சாக்ஸ்கூட வாங்கி வைக்கவில்லை என்று மாப்பிள்ளை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். நான் உன்னைக் கேட்டேன். "அத்தை சொல்லியிருக்காங்கம்மா, பொறக்கறதுக்கு முன்னாடி ஊட்டுக்குள்ள புதுசு எதுவும் வரக்கூடாதாம்" என்றாய். போன தடவை நீ ஆசை ஆசையாக வாங்கி வைத்த சின்னத் துணிகளை, அஞ்சாம் மாசத்தில் எல்லாம் போன பிறகு, நீயே மடித்துப் பெட்டியில் போட்டு யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தாய். பக்கத்தில் நான் இல்லை. அதையெல்லாம் நினைத்துக்கொண்டேன். அதனால் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உன் மாமியாரை மட்டும் மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

வாயை மூடினேனே தவிர கையை மூடவில்லை. சென்னையில் பாரீஸ் கார்னருக்குப் போய் மாம்பழக் கலரில் உல்லன் நூல் வாங்கி வந்தேன். பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டனம்மா கற்றுக்கொடுத்த ரெண்டு ஊசிப் பின்னல் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒரு குல்லாய், வரும்போது ஒரு சாக்ஸ் என்று ஆரம்பித்தது, ஒரு முழு ஸ்வெட்டரில் வந்து நின்றது. எங்கள் கிளவுஸ் கம்பெனிப் பெண்களுக்கு நான்தான் பொழுதுபோக்கு. "இன்னா சாராளக்கா, சிப்காட்ல பனி பெய்யப் போவுதா?" என்று தினமும் ஒருத்தியாவது கேட்பாள். புரட்டாசியில் பொன்னுருகக் காய்கிற வெயில், நான் மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு பின்னுகிறேன். கேட்கத்தானே செய்வார்கள்.

ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. அனுப்புவது எப்படி? அனுப்பினால் நீ பிரிக்க மாட்டாய். அப்போதுதான் உன் தம்பி ஸ்டீபன் ஒன்று சொன்னான். அவன் குட்டியானை லோடு வண்டி வாங்கியிருக்கிறான் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு இவன் மூணாவது ஓனர். "எம்மா, புதுசுதான கூடாது? பழசாக்கிட்டா? ரெண்டு பேர் ஓட்டின வண்டிய எவனாவது புதுசுன்னு சொல்றானா?" என்றான். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. பிறந்த பிள்ளைக்கு நாம் முதலில் பழந்துணிதானே சுற்றுகிறோம், இன்னொரு பிள்ளை போட்டுக் கழித்ததைத்தானே உடுத்துகிறோம். நம் பாஸ்டர் இந்த நம்பிக்கையெல்லாம் வேண்டாம் என்பார். அவர் வீட்டுப் பேத்திக்கும் பழந்துணிதான் சுற்றினார்கள், என் கண்ணால் பார்த்தேன்.

ஆக, திட்டம் இதுதான். வழியில் அகப்படுகிற நல்ல பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரைப் போட்டுக் கழற்ற வேண்டியது. நேராக உன் மாமியாரிடம் போய், "இது பழசுதான், அனுப்பலாம்" என்று அவர்கள் வாயாலேயே வாங்கிவிட வேண்டியது. மறுநாள் கடம்பத்தூர் போய், உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற சுமலதா லீவு முடிந்து கிளம்புவதற்குள் அவள் பெட்டியில் வைத்துவிட வேண்டியது. உன் நைனாவுக்கு டூட்டி. "போறதுதான் போற, சம்பந்தி ஊட்டாண்ட சண்ட வலிக்காம வா" என்று மட்டும் சொன்னார். என் லட்சணம் அவருக்குத் தெரியும்.

முதல் பிள்ளை நம் லைன் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. கடைசி ரூமில் பீகார்க்காரப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு இருக்கிறாள். வெயிலுக்கு முன்னாடியே போய், கையாலும் கண்ணாலும் விஷயத்தைச் சொன்னேன். நான் பாதி சொல்வதற்குள் அவள் ஸ்வெட்டரை வாங்கி ஒரே இழுப்பில் பிள்ளைக்கு மாட்டிவிட்டாள். அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் எல்லாப் பிள்ளைக்கும் இதுதானாம், அவளும் கையாலேயே சொன்னாள். அந்தப் பயல் பொக்கை வாயால் காலரைச் சப்பி எச்சில் பண்ணிவிட்டுச் சிரித்தான். அவள் பின்னலைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அம்மாவும் தூரத்தில்தானே இருக்கிறாள்.

அப்புறம் பயணம். ஷைனி, நான் இத்தனை வருஷம் கம்பெனி பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் நெரிசலில் போனவள். முன் சீட்டில் மகன் பக்கத்தில் மகாராணி மாதிரி உட்கார்ந்து போவது இதுதான் முதல் தடவை. புதுவாயலில் திரும்பி, ஆரணி, பெரியபாளையம் என்று வண்டி ஓடுகிறது. நான் உன் பிள்ளைக்கான போர்வையைப் பின்னிக்கொண்டே வருகிறேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஊசி ஒரு கண்ணை விட்டுவிடும். ஒரு தடவை நூல் உருண்டை மடியிலிருந்து விழுந்து கிளட்ச்சுக்கு அடியில் போய்விட்டது. ஸ்டீபன் ஓரம் கட்டி நிறுத்தி, ரோட்டில் மண்டி போட்டு நூலை எடுத்துக்கொண்டே, "பிரேக் அடில போயிருந்தா போர்வைக்கு ஆளே இருந்திருக்க மாட்டோம்" என்று கத்தினான். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவனும் சிரித்துவிட்டான்.

உன் தம்பி இத்தனை பேசுவான் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் சோற்றுக்கும் செல்போனுக்கும் நடுவில் நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய் திறக்கிறது. வெங்கல் தாண்டியதும், நான் கேட்காமலேயே ஒன்று சொன்னான். "போன தபா அக்கா எனக்குத்தாம்மா மொதல்ல போன் பண்ணுச்சு. ஒண்ணும் பேசல. அழுதுக்கினே இருந்துச்சு. நானும் போன வைக்காம அப்படியே இருந்தேன்." அவ்வளவுதான் சொன்னான். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். இவ்வளவு நாள் இதைச் சுமந்துகொண்டு நம் வீட்டில் சாதாரணமாக வளைய வந்திருக்கிறான்.

திருவள்ளூரில் அவன் சிநேகிதன் வீட்டில் இறங்கினோம். சிநேகிதன் மனைவி பூமிகாவுக்கு நாலு மாசப் பெண் குழந்தை. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். "இந்த வெயில்ல கம்பளியா? கொழந்தை வெந்துடும் ஆன்ட்டி" என்று பூமிகா பின்வாங்கினாள். நியாயம்தானே. ஸ்டீபன்தான் வழி கண்டுபிடித்தான். தெருமுனையில் ஏ.சி. போட்ட ஏ.டி.எம். இருந்தது. பூமிகா, அவள் புருஷன், குழந்தை, நான், ஸ்டீபன் எல்லாரும் அந்தப் பெட்டி மாதிரி அறைக்குள் நுழைந்து, மெஷின் மேல் குழந்தையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்வெட்டரைப் போட்டோம். வெளியே கார்டோடு நின்ற பெரியவர் கண்ணாடியைத் தட்டி, "இன்னாம்மா, கைக்கொழந்தைக்குக் கூட டப்பு எடுக்கணுமா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கதவை மூடிப் பிடித்துக்கொண்டு, "குளிர் வெளியே போவுது, சீக்கிரம்" என்றார். நம் ஊர் மனுஷர்கள் தங்கம். குழந்தையும் சும்மா இருக்கவில்லை, ஸ்வெட்டரை நன்றாக நனைத்துவிட்டது. "இப்ப எவனும் புதுசுன்னு சொல்ல மாட்டான்" என்றான் உன் தம்பி.

பூமிகா வீட்டிலேயே அலசி, வண்டியின் பின்னால் கயிறு கட்டி ஸ்வெட்டரைக் காயப் போட்டோம். திருத்தணி ரோடு முழுக்க அது ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆடிக்கொண்டே வந்தது. பின்னால் வந்த பஸ்ஸில் ஜன்னலோரப் பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்து உன் மாமியாரிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல காரமாகவே தயார் பண்ணியிருந்தேன்.

வண்டி வாசலில் நின்றதும் உன் மாமியார் வெளியே வந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. கயிற்றில் தொங்குகிற சின்ன ஸ்வெட்டரைத்தான் பார்த்தார்கள். பார்த்ததும் முகம் வெளுத்து, "பொறந்துடுச்சா? எட்டு மாசத்துலயேவா? கொழந்தைக்கு இன்னா ஆச்சு சம்பந்தி?" என்று ஓடி வந்து என் தோளைப் பிடித்தார்கள். நான் தயார் பண்ணி வைத்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒன்றுமில்லை, ஷைனி நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, நீங்கள் புதுசு அனுப்பக் கூடாது என்று சொன்னதால்தான் இந்தப் பாடு என்றேன்.

"நானா? நான் எப்பங்க சொன்னேன்?" என்றார்கள். "உங்க பொண்ணுதான் சொல்லுச்சு. 'எங்கம்மா ஜெபத்துல கேட்டாங்களாம் அத்தை, பொறக்கற வரிக்கும் ஒண்ணும் அனுப்பக் கூடாதாம்'னு. அதான் நான் வாய மூடிக்கினு கீறேன். ஸ்வெட்டரப் பாத்ததும் பொறந்துடுச்சுன்னு நெனச்சிட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு மூட்டையை எடுத்து வந்து என் முன்னால் அவிழ்த்தார்கள். உன் மாமனாருடைய பழைய வேட்டிகளை வெந்நீரில் துவைத்து, பிள்ளைக்கு ஏற்ற மாதிரி சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் தைத்து வைத்திருந்தார்கள். நான் தடுத்தேன் என்று நினைத்து, என்னைத் திட்டிக்கொண்டே பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

அடிப் பாவி மகளே. என் பேரைச் சொல்லி அவர்களையும், அவர்கள் பேரைச் சொல்லி என்னையும் நிறுத்தி வைத்திருக்கிறாய். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஸ்டீபன் தூணைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். எங்களுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே இருந்த உன் மாமியார் பாதியில் நிறுத்திவிட்டு, வேட்டித் துண்டை மடித்தபடியே மெதுவாகச் சொன்னார்கள்: "அது பயந்துக்கினு கீது சம்பந்தி. நாம ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கினு இருந்தோம். அது அங்க ஒண்டியா பயந்துக்கினு இருந்திருக்குது."

அதற்கு அப்புறம் நாங்கள் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அதை நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு உன் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். இத்தனை தூரம் பழசாக்கிக் கொண்டு வந்ததை அரைகுறையாக விடக்கூடாது என்று ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு, குல்லாயையும் சாக்ஸையும் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். வெயில் தாழ்ந்து காற்று வந்திருந்தது. தெருவில் ஒரு கைக்குழந்தையை விடவில்லை. வீடு வீடாக, "எம் பேரப் பிள்ளைக்கு அனுப்பறோம், ஒரு தபா போட்டுக் கொடுங்க" என்று கேட்டார்கள். நான் பின்னாலேயே போனேன். ஒரு வீட்டில் மஞ்சள் பட்டுவிட்டது, இன்னொரு வீட்டில் ஒரு பயல் ஸ்வெட்டர் கையைக் கடித்து நூலை இழுத்துவிட்டான். அதை உட்கார்ந்து சரி பண்ணினேன். போட்ட பிள்ளைகள் எல்லாம் கொழுக்கு மொழுக்கென்று இருக்கிறார்கள், ஷைனி. அழுதால் தெருவே கேட்கிறது.

இந்தப் பையில் ஸ்வெட்டர், குல்லாய், சாக்ஸ், வேட்டித் துண்டுகள் எல்லாம் இருக்கின்றன. போர்வை பாதியில் நிற்கிறது, அதைப் பிள்ளை பிறந்த பிறகு முடிக்கிறேன். இதில் எதுவும் புதுசு இல்லை. இன்றைக்கே பிரிக்க முடியவில்லை என்றால் பரவாயில்லை, கண்ணு. கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள். மனசு வருகிற அன்றைக்குப் பிரி. பயம் போன பிறகு ஆசைப்படலாம் என்று காத்திருக்காதே. உன்னைச் சுமந்தபோது எனக்கும் கடைசி நாள் வரை பயம் போகவில்லை. பயந்துகொண்டேதான் ஆசைப்பட்டேன்.

இனிமேல் எங்கள் பேரைச் சொல்லித் தப்பிக்காதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். பேச முடியாவிட்டால் பேசாதே. நாங்களும் போனை வைக்காமல் அப்படியே இருக்கிறோம், விடிய விடிய ஆனாலும் சரி. உன் மாமியாரும் இதையே எழுதச் சொல்கிறார்கள். முருகன் துணை இருப்பான் என்று அவர்கள் சொல்கிறார்கள், கர்த்தர் உன்னையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பார் என்று நான் சொல்கிறேன். யார் காத்தாலும் சரி, தாயும் பிள்ளையும் ரெண்டு பேராக நல்லபடியாகப் பிரிந்து வாருங்கள். எங்களுக்கு வேறெதுவும் வேண்டாம்.

உன்னிடம் ஏமாந்து போன உன் ரெண்டு அம்மாக்கள்,
சாராள்
மணியம்மாள்