பன்னிரண்டாம் அத்தியாயத்தில் என் சாவு

மெல்போர்ன்
14 நவம்பர் 1965

என் செல்லத் தங்கை எடெல்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கேக் கடை, ஷாமு, என் முழங்கால் மூன்றும் ஒருவாறு ஓடுகின்றன. புடாபெஸ்டில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. அது இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் யூதித் என்று ஒரு சின்னப் பெண், நம் ஊரிலிருந்து வந்தவர்களின் மகள், குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்துக்குக் கேக் சொல்ல வந்தாள்.

"குழந்தைக்கு என்ன பேரும்மா?"

"செரேனா."

எனக்கு வாயெல்லாம் பல். "அட, என் பேரு!"

"உங்களுக்காக வைக்கல ஆன்ட்டி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு நாவல்ல வர்ற பொண்ணு. நெசமாவே இருந்தவளாம். போர்க் காலத்துல பனியில செத்துப்போயிட்டா. பேர் சொல்ல ஒரு பிள்ளைகூட இல்லாமப் போனா, பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எழுதியது யார் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள்.

நம் யூத ஜனங்களில் யாராவது உயிரோடு இருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு வைப்பார்களா? மரண தூதன் ஆள் மாற்றித் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். நானோ என் பெயரை என் கையாலேயே சர்க்கரைப் பாகில் அந்தக் கேக்கின்மேல் எழுதிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ஹங்கேரியர் சங்கத்தில் உன் நாவலை வாங்கிப் படித்தேன். அச்சானதும் எனக்கொன்று அனுப்ப உனக்கு ஏன் மனம் வரவில்லை என்பது பன்னிரண்டாம் அத்தியாயத்தில் விளங்கியது. அம்மாவோடு எல்லைக்கு நடத்திச் செல்லப்படும் செரேனா தன் ரொட்டியை எல்லோருக்கும் பிட்டுக் கொடுக்கிறாள். பிறகு பனியில் படுத்து, வானத்தைப் பார்த்து இரண்டு அழகான வாக்கியம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறாள். அடிப் பாவி, நான் எப்போது ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தேன்? சின்ன வயதில் உனக்கே கொடுத்ததில்லையே.

இரண்டாம் பதிப்பு வரப்போவதாகச் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதில் நான் உயிரோடு வர வேண்டும். இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை, அக்காவாகச் சொல்கிறேன்.

செரேனா

*

புடாபெஸ்ட்
2 டிசம்பர் 1965

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. புத்தகம் அனுப்பாதது என் பயம்தான், மன்னித்துவிடு.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். போர் முடிந்து நீ திரும்பி வந்த மறுநாள், கீழ்வீட்டுக் காவல்காரி முற்றத்தில் நின்றுகொண்டு எல்லோர் காதிலும் விழும்படி உன்னிடம் கேட்டாளே: "அத்தன பேரும் போயிட்டாங்க, நீ மட்டும் எப்படிம்மா வந்த?" அவள் கேட்ட தொனி இன்னும் என் காதில் இருக்கிறது. செத்தவளை யாரும் அப்படிக் கேட்பதில்லை அக்கா. அவளுக்காக அழுகிறார்கள், அவ்வளவுதான். உயிரோடு வந்தவளைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். என் பதிப்பாசிரியரும் அதையேதான் சொன்னார்: "பொழச்சவ கதைய எழுதினா, படிக்கிறவன் நீதிபதியா ஒக்காந்துக்குவான்." நான் உன்னைக் கூண்டில் நிறுத்த விரும்பவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வதை முகாமில் நீ கிழங்கு திருடினாய், அடுப்புப் பக்கத்து இடத்துக்கு அடித்துக்கொண்டாய் என்றெல்லாம் எழுதினால், அங்கே செத்தவர்களுக்கு அது மரியாதையா? நம்மை எப்படியெல்லாம் பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். அவர்கள் கையில் நானே எடுத்துக் கொடுப்பதா?

ஷாமு அத்தானுக்கு என் அன்பு.

உன் எடெல்கா

*

மெல்போர்ன்
20 டிசம்பர் 1965

எடெல்கா கண்ணு,

கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். பதில் என்னிடம் இருக்கிறது, உனக்கு எதற்கு வேர்க்கிறது? காவல்காரிக்கு அன்றே சொன்னேனே: "நடந்துதான் வந்தேன். செருப்பு இல்ல, ஒங்கிட்ட இருக்கா?" அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செத்தவர்கள் எல்லோரும் என்னைவிட நல்லவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறாய். அவர்களில் எத்தனை பேர் கிழங்கு திருடினார்கள் என்று உனக்குத் தெரியுமா? நான் அரைக் கிழங்கு கொடுத்து ஃபானி குளோப்ஃபரிடமிருந்து ஒரு ஜோடிக் காலுறை வாங்கினேன். அவள் காய்ச்சலில் போனாள், நான் பிழைத்தேன். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. காய்ச்சல் எங்கள் இரண்டு பேருக்கும்தான் வந்தது.

அந்த ஃபானியைப் பற்றி எழுதேன். சாயங்காலமானால் வாயாலேயே எங்களுக்கு விருந்து வைப்பாள். ஒருநாள் வாத்து வறுவல் போட்டு, சிவப்புக் கோஸ் பரிமாறி, முடிவில் பாலாடை கேக் கொண்டுவந்துவிட்டாள். மூலையில் கிடந்த திருமதி வெய்ன்பெர்கர் எழுந்து உட்கார்ந்தாள். "கறி தின்ன வாயில பால் பண்டமா? ஒன்னோட விருந்தே எனக்கு வேணாம்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கறியோடு பால் சேரக் கூடாது என்ற நம் விதி, இல்லாத வாத்துக்கும் இல்லாத கேக்குக்கும்கூட! ஃபானி கெஞ்சிக் கூத்தாடி, கேக்கை எடுத்துவிட்டு ஆப்பிள் வேகவைத்துப் போட்ட பிறகுதான் அந்த அம்மாள் சமாதானமானாள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பசியில் சிரித்தால் வலிக்கும், தெரியுமா?

எங்களைத் துடைத்தெறிய வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து, விருந்து முறைக்குச் சண்டை போட்டவர்கள் அவர்கள். நீயோ எல்லோரையும் வானத்தைப் பார்க்கவிட்டுக் கொன்றிருக்கிறாய். படிக்கிறவர்களுக்கு அழுதே ஆக வேண்டும் என்றால் வெங்காயம் நறுக்கட்டும்.

யூதித்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் மாமியார் மூன்று முறை துப்பித் திருஷ்டி கழித்தாள். உடனே ஜெபக்கூடத்துக்கு ஓடிப் பெயரை மாற்ற ஏற்பாடு. இப்போது குழந்தை மிரியாம். யூதித் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீங்க இருக்கீங்களே, நீங்க இருக்கீங்களே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வார்த்தையை உன்னிடமிருந்து கேட்கத்தான் எனக்கு ஆசை.

செரேனா

*

புடாபெஸ்ட்
16 ஜனவரி 1966

அருமை அக்கா,

தோற்றேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதிவிட்டேன். பதிப்பாசிரியர் முணுமுணுத்தார். "நாவலயே மாத்திட்டீங்களேம்மா" என்றார். ஆனால் வாத்துச் சண்டையைத் தட்டச்சு செய்த பெண் சிரித்துச் சிரித்து, பிறகு அழுது, அன்றைக்கு வேலையை முடிக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள். நீ சொன்னதுதான் சரி. அந்த மனிதர்கள் இப்போதுதான் என் புத்தகத்தில் மனிதர்களாக இருக்கிறார்கள். இதை உன்னிடம் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

முடிவில் நீ வீட்டுக்கு வருகிறாய். அந்தப் பக்கத்தை மட்டும் அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன். உன் சம்மதம் வந்ததும் அச்சுக்குப் போகும்.

'கதவைத் திறந்தேன். எலும்பும் தோலுமாக அக்கா நின்றாள். பாய்ந்து கட்டிக்கொண்டேன். "நீ வந்துட்டியே, எனக்கு அது போதும்" என்றேன். மே மாத வெயில் எங்கள் இருவர்மேலும் விழுந்தது.'

பிடித்திருக்கிறதா?

உன் எடெல்கா

*

மெல்போர்ன்
6 பிப்ரவரி 1966

அன்பு எடெல்காவுக்கு,

அந்தப் பக்கத்தை நாலு முறை படித்தேன். ஷாமுவுக்கும் படித்துக் காட்டினேன். "ரொம்ப நல்லாருக்கே" என்றார். அவருக்கென்ன தெரியும், அவர் அங்கே இல்லை.

நீ என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. கதவைத் திறந்தாய், என் தோளுக்கு மேலாக மாடிப்படியைப் பார்த்தாய். "அம்மா எங்க?" என்று கேட்டாய். நீ மறுபடியும் படியைப் பார்த்தாய். என்னைப் பார்க்க உனக்கு வெகு நேரமாயிற்று.

இருபது வருஷமாக இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. வந்தவள் நான், நீ காத்திருந்தது அம்மாவுக்காக. அதனால்தான் உன் நாவலில் செத்துக் கிடந்தபோது அப்படிக் கொதித்தேன். சரிதான், இவளுக்கு நான் இன்னும் வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வேடிக்கையாக எழுதினேனே தவிர, எனக்கு நெஞ்சு எரிந்தது.

ஆனால் மீதியைச் சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப் போலக் கதை கட்டுகிறவள் ஆகிவிடுவேன். அம்மாவைச் சாலையோரம் படுக்கவைத்து, முகத்தைத் துணியால் மூடியவள் நான். அவள் வரமாட்டாள் என்று இந்த உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருந்தும், நீ அந்தப் படியைப் பார்த்த பார்வையில், நானும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருக்கிறாளோ என்று.

இரண்டு பேருமாக வெறும் படியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதை எழுது. வெயிலெல்லாம் வேண்டாம். காவல்காரியும் படிக்கட்டும், படிக்கிறவர்கள் என்னைக் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்ததும் என்னை வாசலிலேயே நிற்கவைத்துவிடாதே. உள்ளே கூட்டிக்கொண்டு போ.

உன் அக்கா
செரேனா